திரும்பிப் பார்க்காமல் போன பிள்ளை

போன சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறில் கட்டுப்பாட்டு அறை என்று ஒன்று அமைத்து, ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். சுவர் நிறையத் திரைகள், திரை நிறையத் தலைகள். எல்லாம் மேலிருந்து எடுக்கிற படம் என்பதால் யார் மொட்டை, யார் வழுக்கை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இளம் சுகாதார ஆய்வாளர் ஒருவர், மரியாதையான பிள்ளை, "இதெல்லாம் இல்லாம உங்க காலத்துல காணாமப் போன புள்ளைங்கள எப்படிங்கய்யா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். "கத்துவோம்" என்றேன். வேடிக்கை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளதைத்தான் சொன்னேன். பிறகு, சேவைக்கு வரும் கல்லூரி மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார். எழுதுகிறேன். கேட்டுவிட்டு அவர்கள் ஓடிப்போனால் நான் பொறுப்பில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். என் படிப்பு முடிகிற நேரம் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள். இனி அந்தப் பாஷையை வைத்துக்கொண்டு உப்புக்கூட வாங்க முடியாது என்று சொல்லி, அப்பா என்னைக் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் தள்ளினார். அங்கே பாடமெல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷில் தடுமாறாமல் வந்தது என் பெயர் ஒன்றுதான். முதல் வாரம் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வாய் தவறிப் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டேன். பதில் சரிதான். சரி என்று சொல்ல அந்த வகுப்பில் ஆளில்லை. அன்றைக்கே எனக்குப் 'பாரிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கத்து மணை காலியாகவே கிடக்கும். ரொம்பத் தனியாக இருந்தேன். அழுதும் இருக்கிறேன். இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை.

அந்தக் கல்லூரியில் சேவைக் குழு ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் ஊர் ஓரத்தில் சாக்கடை அள்ளுவது, கிணற்றுக்கு மருந்து போடுவது அதன் வேலை. நான் அதில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்று காரணமில்லை. மண்வெட்டி பிடிக்க இங்கிலீஷ் வேண்டாம், அதுதான் காரணம். ஜமாலை அங்கேதான் சந்தித்தேன். அவனும் காரைக்கால்காரன். மரக்கடை வீட்டுப் பையன். காரைக்காலில் எங்கள் தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் கூப்பிடு தூரம். பதினேழு வருஷம் பார்த்துக்கொள்ளாமல் வளர்ந்து, கும்பகோணத்தில் ஒரு சாக்கடைக்குள் இடுப்பளவில் நின்று அறிமுகமானோம். "நீ காரைக்காலாடா?" என்றான். "ஆமாம்" என்றேன். "மூக்கப் பொத்தாதே, ரெண்டு கையும் வேணும்" என்றான். அதன்பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் அந்த மணை காலியாக இல்லை.

அந்த வருஷமே சனிப்பெயர்ச்சி வந்தது. எல்லைச் சாவடியெல்லாம் எடுத்த பிறகு வருகிற முதல் பெயர்ச்சி, கூட்டம் தாங்காது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். குழுவுக்குப் பொறுப்பாயிருந்த விரிவுரையாளர் எங்களோடு ரயிலேறித் திருநள்ளாறில் வந்து இறங்கினார். உள்ளூர்க்காரன் என்பதால் எனக்குப் பெரிய மரியாதை. வழி கேட்பதெல்லாம் என்னிடம்தான்.

வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சனி பிடித்தவர்கள் நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். உடுத்தி வந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் புதுத் துணி கட்டிக்கொள்வார்கள். பிறகு நடையைக் கட்ட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விட்டது கூடவே வந்துவிடும். சிலர் கோயில் வாசல் வரைக்கும் பார்க்க மாட்டார்கள். கெட்டியான ஆட்கள் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் பார்க்க மாட்டார்கள்.

குளத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். காணாமல் போனவர்களுக்காகப் போட்டது. ஊரார் அதைக் 'காணாக் கொட்டாய்' என்றார்கள். அதற்குப் பொறுப்பு சவரிராயன் என்பவர். பிரெஞ்சுப் படையில் இருந்து, சைகோன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டுத் திரும்பிய சொல்தா. எங்கள் பக்கத்தில் அந்தப் படையாட்களை அப்படித்தான் சொல்வோம். நாங்கள் அவரை முசியே, அதாவது ஐயா, என்று கூப்பிட்டோம். காக்கிச் சட்டை, தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற பூட்ஸ். சிரித்து நான் பார்த்ததில்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. எதைத் தொடங்கினாலும் முதலில் "அலோர்" என்பார். அதற்கு 'ஆகட்டும்' என்றும் பொருள், 'அப்புறம்' என்றும் பொருள், அவர் வாயில் வரும்போது 'எழுந்திருங்கள்' என்றும் பொருள்.

அவரிடம் ஒரு விசேஷம், யாராக இருந்தாலும் 'நீங்க'தான். கலெக்டருக்கும் நீங்க, குப்பை அள்ளுகிறவருக்கும் நீங்க. மூக்கொழுக நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அலோர், நீங்க காலையில என்ன சாப்டீங்க?" என்பார். பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். பிறந்ததிலிருந்து அதை யாரும் அப்படி விசாரித்திருக்க மாட்டார்கள். இட்லி என்று சொல்லும். யார் ஊட்டினார்கள், எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று போய், பாதியிலேயே ஆளைப் பிடித்துவிடுவார். பேரைக் கடைசியில்தான் கேட்பார். பயந்த பிள்ளைக்கு முதலில் மறந்துபோவது பேர்தான் என்பது அவர் கணக்கு.

இன்னொரு சட்டம், தேடி வருகிறவரைக் கொட்டகையை விட்டு வெளியே விடக் கூடாது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். "இவங்களையும் வெளில விட்டா, பொறவு ரெண்டு பேரத் தேடணும்" என்பார். பெற்றவர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், சாபம் கொடுப்பார்கள். அவர் அசைய மாட்டார். என் உத்தியோகக் காலம் முழுக்க இந்த ஒரு சட்டத்துக்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சை வைத்து ஒரு புத்தகமே போடலாம். ஆனால் சட்டம் சரியானது.

மூன்றாவது சட்டம்தான் தகராறு. காணாமல் போனவர் என்ன உடுத்தியிருந்தார் என்று முதலில் கேட்க வேண்டும். ஆளை அடையாளம் காட்டுவது உடுப்பு என்பது படையில் அவர் கற்றது. நாங்களும் சரி என்று கேட்டு, தகரக் குழாயை வாயில் வைத்து, நீலச் சட்டை போட்ட பையன், கோடு போட்ட வேட்டி கட்டிய பெரியவர் என்று காலையெல்லாம் தொண்டை கிழியக் கத்தினோம். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. நீலச் சட்டையும் கோடு போட்ட வேட்டியும் குளத்துப் படியில் குவியலாகக் கிடந்தன. ஆட்கள் புதுத் துணியில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளத்தைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கும் உறைக்கவில்லை, அத்தனை பேர் படித்த எங்கள் குழுவிலும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஜமால்தான், தண்ணீர்ப் பந்தலுக்குக் குடம் எடுக்க வந்தவன், கேட்டான். "ஏண்டா, இவங்கள்லாம் துணிய அவுத்துப் போடத்தானே வந்திருக்காங்க?"

முசியே குளத்தைப் பார்த்தார். "அலோர்" என்றார். "முதல்ல, குளிச்சாச்சா இல்லையான்னு கேளுங்க." அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. மத்தியானத்துக்குள் காலையில் தொலைந்தவர்கள் எல்லோரும் கிடைத்துவிட்டார்கள். நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

அப்போதுதான் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கம். அந்த அம்மாள் இடுப்பில் கைக்குழந்தை. அவர் ஒரு கையில் எண்ணெய்ச் செம்பு, மறு கையில் அர்ச்சனைத் தட்டு. அதைக் கீழே வைக்கவே தோன்றாமல் நின்றார். முசியே தட்டை வாங்கி வைத்து உட்கார வைத்தார். ஆறு வயது மகள். பேர் வள்ளி. குளித்தாகிவிட்டது. புதுசாக மஞ்சள் கவுன். அன்றைக்குக் குளத்தைச் சுற்றி இருந்த கடைகளில் விற்றதெல்லாம் மஞ்சள் கவுன்தான்.

"எங்க விட்டீங்க?" என்று கேட்டேன்.

"விடலீங்க. ரெண்டு கையிலயும் சாமான் இருந்துச்சு. அப்பா வேட்டியப் பிடிச்சுக்கிட்டு வா, வீட்டுக்குப் போற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொன்னேன். சரின்னுச்சு. வேட்டி இழுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. கூட்டத்துல இழுக்கிறது நின்னு போச்சு. பின்னாலதான் வருதுன்னு நெனச்சேன்."

"திரும்பிப் பார்க்கலயா?"

அந்த அம்மாள் சொன்னார். "பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு நான் ரயிலடியில உக்காந்திருந்தேன் தம்பி. சாமி கும்புட்டு, தேங்கா ஒடச்சு, அவ்வளவு தூரம் நடந்து வந்து என் முன்னால நிக்கிறாரு. புள்ள எங்கன்னேன். பின்னால வருதுங்கிறாரு. பின்னால ஈ காக்கா இல்ல."

"வள்ளிக்கு முன்னால ரெண்டு போச்சுங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே. "இது தங்கணும்னுதான் இங்க வந்தோம். எப்படிங்க பாக்குறது?"

சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்தேன். குளம் ஒரு பக்கம் இருக்கிறது. வாய்க்கால்கள் இருக்கின்றன. எங்கள் பையன்கள் குளத்தில் இறங்கிக் காலால் துழாவினார்கள். துணிதான் அகப்பட்டது. மற்றவர்கள் தெருத் தெருவாக வள்ளி, வள்ளி என்று கத்தினார்கள். மஞ்சள் கவுன் போட்ட பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. வள்ளி மட்டும் திரும்பவில்லை.

ஆள் சேர்க்க நான் சுரக்குடிச் சாலையில் இருந்த தண்ணீர்ப் பந்தலுக்கு ஓடி, ஜமாலிடம் விஷயத்தைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றதும் அவன் குவளையைக் கீழே வைத்தான்.

"அல்லா! அந்தப் புள்ள இந்த வழியாத்தாண்டா போச்சு. முன்னால ஒரு ஆளு புது வேட்டி கட்டிக்கிட்டு ஓடாத கொறையா நடக்குறாரு. பின்னாலயே இது ஓடுது. தண்ணி குடிச்சிட்டுப் போ பாப்பான்னு கூப்பிட்டேன். ரெண்டு பேருமே திரும்பல. அப்பனும் மவளும் ரொம்ப ராங்கின்னு நெனச்சேன்."

எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு அங்கே எல்லா வேட்டியும் புது வேட்டி. கூட்டத்தில் கை நழுவி, பக்கத்து வேட்டியைப் பிடித்திருக்கிறது. அந்த ஆளும் திரும்பிப் பார்க்காத ஆள். இரண்டு பேரும் அப்படியே போய்க்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் பின்னாலிருந்து எத்தனை கத்தினாலும் பிரயோசனமில்லை. முசியேவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு இரண்டு பேரும் ஓடினோம்.

சுரக்குடியில் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு தெருவில் நாலைந்து பெண்கள் வாயில் கை வைத்து நின்றார்கள். சாத்தின கதவுக்கு எதிரில், எங்களுக்கு முதுகு காட்டி, மஞ்சள் கவுன் நின்றது. "வள்ளி!" என்றேன். திரும்பவில்லை. திரும்பாததிலேயே வள்ளிதான் என்று தெரிந்தது. பிள்ளைக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்து, கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிள்ளை அழுதிருக்கவில்லை. உதடு மட்டும் வெடித்திருந்தது.

கதவுக்குள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "போயிடுச்சா?"

"எதுங்க?"

"என் பின்னால வந்துச்சே, அது. குளத்துலேருந்து வேட்டியப் புடிச்சி இழுத்துச்சு தம்பி. நான் வேகமா நடந்தா அதுவும் வேகமா வருது. ஏழரை வருஷமும் முடியப் போற நேரம். இப்ப போயி..."

"அண்ணே, அது சின்னப் புள்ள. பொம்பளப் புள்ள."

"அது எந்த ரூவத்துலயும் வரும்" என்றது குரல்.

அதற்குள் முசியே சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் குழுப் பையன்களும் வந்துவிட்டார்கள். ஒருவன் பிள்ளையைத் தூக்கப் போனான். முசியே கையைக் காட்டி நிறுத்தினார். பக்கவாட்டில் வந்து, பூட்ஸ் மண்ணில் படக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அலோர். நீங்க யாருக்காக நிக்கிறீங்க?"

"அப்பா உள்ள போயிட்டாங்க. கதவத் தொறக்கச் சொல்லுங்க."

"இது உங்க வீடா?"

வள்ளி யோசித்தது. "எங்க வீட்டுக் கதவு பச்ச. இது பச்ச இல்ல."

"அப்ப திரும்பிப் பாக்கலாமே?"

"அப்பா சொல்லணும்."

முசியே எழுந்து நின்றார். "இவங்க காவல்ல நிக்கிறாங்க" என்று எங்களிடம் சொன்னார். "நிறுத்துனவங்கதான் எடுக்கணும். யாரும் கை வைக்காதீங்க. ஜமால் ஐயா, சைக்கிள எடுத்துட்டுப் போயி அப்பாவக் கூட்டிட்டு வாங்க." பிறகு அவரும் பிள்ளைக்குப் பக்கத்தில், அதே திசையைப் பார்த்து, விறைப்பாக நின்றுகொண்டார்.

ஜமால் போய் வரும் வரைக்கும் அப்படியே இருந்தோம். அந்த நேரத்தில்தான் இந்த வேலைக்கே வாழ்க்கையைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்குப் பசித்தது. முடிவெல்லாம் பிறகு வந்தது. படிப்பை முடித்தேன், சுகாதார ஆய்வாளர் பயிற்சிக்குப் போனேன், உத்தியோகத்தில் முக்கால்வாசி நாள் மலத்தையும் மருந்துத் தூளையும் பற்றி எழுதிக் கழித்தேன். ஆனால் ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் கொட்டகை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். அதில் யாரிடமும் ஒட்டாமல் ஓரமாக நிற்கிற பிள்ளை எது என்று பார்த்து, அதன் கையில் தகரக் குழாயைக் கொடுப்பேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தத் தெருவைத்தான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அங்கே, எனக்குப் 'பாரிஸ்' என்று பெயர் வைத்தவர்களில் ஒருவன் ஒரு செம்பு தண்ணீரை நீட்டி, "பாரிஸ், குடிடா, மூஞ்சியே சரியில்ல" என்றான். பேர் அதேதான். கூப்பிட்ட விதம் வேறு. எனக்கு அந்தக் கூட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

சைக்கிள் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா இறங்கினார். தெருமுனையிலிருந்து அந்த மஞ்சள் முதுகைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். ஜமால் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தான்.

"வள்ளி" என்றார்.

பிள்ளையின் தோள் அசைந்தது. கதவைப் பார்த்தது. குரல் பின்னாலிருந்து வருகிறது, அப்பா உள்ளே இருக்கிறார். அதற்குப் புரியவில்லை. திரும்பாமலே கேட்டது. "அப்பா, வீட்டுக்கு வந்துட்டோமா?"

அவர் கதவைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். வீடு புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. வந்துட்டோம் என்று பொய் சொன்னால் பிள்ளை திரும்பும். திரும்பினால் விட்டுவிட்டு வந்தது கூடவே வந்துவிடும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த மனுஷன் அவர். அந்த ஒரு வார்த்தை அவருக்கு வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. முசியே வாயிலிருந்தும் அலோர் வரவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகியது. நான் சாய்ந்திருந்த கதவு உள்ளே போக, மல்லாந்து விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த வீட்டுக்காரர் என் தலைக்கு மேல் நிற்கிறார். புது வேட்டி, எண்ணெய் போகாத தலை. அவர் பிள்ளையைப் பார்த்தார். வெடித்திருந்த உதட்டையும் புழுதி படிந்த காலையும் பார்த்தார். பிறகு தெருவில் நின்ற அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"வந்துட்டீங்க. இதான் வீடு. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

அப்பா தலையை ஆட்டினார். "வந்துட்டோம் தாயி" என்றார்.

வள்ளி திரும்பினாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.